பழைய ஜான்சனுக்கும் சீகலுக்கும் எத்தனைக்கு எத்தனை ஆயில்?

பர்மாவின் மோல்மேனில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாத்தா விட்டுப்போன இரண்டு அவுட்போர்டு மோட்டார்கள், அதாவது படகின் பின்புறத்தில் மாட்டும் மோட்டார்கள், வீட்டில் கிடக்கின்றன. ஒன்று 1950களில் வந்த ஜான்சன், 10 குதிரைச் சக்தி. இன்னொன்று பித்தளைத் தொட்டி வைத்த பிரிட்டிஷ் சீகல். இரண்டையும் துடைத்து எடுத்துச் சம்பானில் மாட்டி அத்தரான் ஆற்றில் ஓட்டிப் பார்க்க ஆசை. ஒருவர், 'பைக் ஆயிலை 50க்கு 1 போடு, போதும்' என்கிறாராம். இன்னொருவர், 'பழைய மோட்டாருக்குக் கார் என்ஜின் ஆயில்தான், 10க்கு 1 தாராளமாக ஊற்று' என்கிறாராம். பெட்ரோல் ஆக்டேன் 92 போதுமா, 95 வேண்டுமா என்றும் கேட்கிறார்.

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். ஜான்சனுக்கு 24:1. அதாவது 24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். சீகலுக்கு 10:1. இரண்டுக்கும் ஒரே ஆயில், டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்ட படகு மோட்டார் ஆயில். பெட்ரோல் 92 போதும். உங்களிடம் பேசிய இருவர் சொன்னதும் முழுக்கச் சரியில்லை. ஒருவர் ஆயிலிலும் அளவிலும் தவறிவிட்டார். மற்றவர் சீகலின் அளவைச் சரியாகச் சொல்லி, ஆயிலில் தவறினார். அந்த 10:1ஐ ஜான்சனுக்கும் நீட்டியது அவருடைய இரண்டாவது தவறு.

கலவை விஷயத்தில் நம் ஆட்களிடம் ஊறிப்போன எண்ணம் ஒன்று உண்டு. ஆயில் நல்லதாக இருந்தால் குறைவாகப் போடலாம், மட்டமாக இருந்தால் அதிகம் போட வேண்டும் என்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அளவைத் தீர்மானிப்பது டப்பாவுக்குள் இருக்கும் ஆயில் இல்லை, மோட்டாருக்குள் இருக்கும் பேரிங். இப்படிப்பட்ட பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் ஆயிலுக்கென்று தனித் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு ஆவியாகக் கிராங்க் பெட்டிக்குள் நுழைகிற ஆயில்தான் அங்கே சுழல்கிற எல்லாவற்றையும் நனைக்க வேண்டும். அங்கே ஊசி ரோலர் பேரிங் இருந்தால், உருண்டு போகிற பொருள் என்பதால் மெல்லிய ஈரமே போதும். வெண்கலப் புஷ், அதாவது தண்டைத் தாங்கும் வெறும் உலோகக் குழாய், இருந்தால் கதை வேறு. புஷ்ஷுக்குள் தண்டு வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. இரண்டு உலோகமும் ஒட்டாமல் இருக்க நடுவில் ஓர் ஆயில் படலம் அறுபடாமல் நிற்க வேண்டும். அந்தப் படலத்துக்கு அளவு வேண்டும். எவ்வளவு உசத்தியான ஆயில் என்றாலும், குறைவாகப் போனால் படலம் அறுந்துவிடும்.

அளவுகள் காலத்தோடு மாறிய விதத்தைப் பார்த்தாலே இது புரியும். போருக்கு முந்தைய அவுட்போர்டுகளில் காலனுக்கு அரை பைண்ட், முக்கால் பைண்ட், சிலவற்றில் ஒரு பைண்ட் என்று ஆயில் குடித்தவை உண்டு. அரை பைண்ட் என்றால் 16:1. 1950களின் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் அது 24:1க்கு இறங்கியது. 1964 வாக்கில் ஊசி ரோலர் பேரிங் பரவலானபோது அவர்களுடைய பெரும்பாலான மாடல்கள் 50:1க்கு வந்தன. அப்போதும் புஷ் வைத்த சில சின்ன மோட்டார்கள் 24:1லேயே நின்றுவிட்டன. 1980களின் நடுவில் 100:1 என்று ஒரு முயற்சி நடந்தது, அது நிலைக்கவில்லை, மறுபடி 50:1க்கே திரும்பினார்கள். ஆகவே 50:1 என்பது 1964க்குப் பிறகு வந்த பேரிங்குக்கான கணக்கு. உங்கள் தாத்தாவின் ஜான்சன் அதற்கு முன்பே பிறந்தது. இன்றைய ஆயில் டப்பாவில் 50:1 என்று அச்சடித்திருப்பது இன்றைய மோட்டாருக்காக. உங்கள் மோட்டார் அந்த டப்பாவைப் படிக்காது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ரங்கூனில் பசுண்டாங் கால்வாய்க் கரையில் வேலை கற்றுக்கொண்டிருந்த காலம். இதே வயதுடைய ஒரு ஜான்சன் பழுதுக்கு வந்தது. பிஸ்டன் வளையம் மாற்றி, கார்ப்பரேட்டர் கழுவி, நன்றாகவே செய்து முடித்தேன். ஆயில் வாங்கப் போன இடத்தில், 'இது புது ஆயில், 50க்கு 1 போதும், புகையே வராது' என்றார்கள். நானும் நம்பி அப்படியே கலந்து கொடுத்தேன். உண்மையிலேயே புகை வரவில்லை. படகுக்காரருக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்று வாரம் கழித்து, உள்ளே சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தத்தோடு மோட்டார் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் பின் புஷ் தேய்ந்து முட்டை வடிவத்தில் இருந்தது. அந்த மனிதர் மோட்டாரை நம்பிப் பிழைப்பு நடத்தியவர். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. புஷ்ஷை நானே கடைசல் பட்டறையில் செய்து வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து புகை வருகிறதா என்று பார்த்து அளவைக் குறைக்கச் சொல்லும் யாருக்கும் நான் காது கொடுப்பதில்லை.

சீகலுக்கு வருவோம். அது ஒரு தனிப் பிறவி. இங்கிலாந்தில் பூல் துறைமுகத்தில் செய்தது. மூடி கிடையாது, அலங்காரம் கிடையாது, ஃப்ளைவீலில் கயிற்றைச் சுற்றி இழுக்க வேண்டும். அதன் கிராங்க் தண்டு நீளமான வெண்கலப் புஷ்களில் சுற்றுகிறது. மற்ற பல மோட்டார்களில் தண்டின் முனைகளில் கசிவைத் தடுக்கும் சீல் இருக்கும். சீகலில் அந்த வேலையையும் புஷ்ஷும் அதில் நிற்கிற ஆயிலும்தான் செய்கின்றன. அதனால்தான் 10:1. ஆயிலைக் குறைத்தால் தேய்மானம் மட்டும் இல்லை, கிராங்க் பெட்டியின் அழுத்தமே கசிந்து போகும். கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழன்றாலும் மோட்டார் பிடிக்காது. 'சீகல் கிழடாகிவிட்டது' என்று சொல்லி விற்ற சில மோட்டார்களை வாங்கி, 10:1 கலவை ஊற்றி, இரண்டாவது இழுப்பில் ஓட வைத்திருக்கிறேன்.

1970களின் கடைசியை ஒட்டி வந்த சீகல்களுக்கு 25:1 போதும் என்று தயாரித்தவர்களே சொன்னார்கள். அதைக் கேட்டுப் பழைய சீகலிலும் 25:1 ஊற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் புதியவற்றில் கார்ப்பரேட்டருக்குள் ஊசியும் அளவுகளும் மாறியிருந்தன. கார்ப்பரேட்டரை மாற்றாமல் கலவையை மட்டும் மாற்றினால் மோட்டார் பெட்ரோல் மிகுதியில் திணறும். உங்களுடையது பித்தளைத் தொட்டி வைத்த பழையது. அதில் கை வைக்க வேண்டாம், 10:1லேயே ஓடட்டும். ஆற்றில் ஆயில் மினுக்கம் விடும் என்ற வருத்தம் எனக்கும் உண்டு. அதனால்தான் சீகலைத் தினசரி ஓட்டத்துக்கு வைக்காமல் எப்போதாவது ஒரு நாள் ஆசைக்கு ஓட்டுங்கள் என்கிறேன்.

இப்போது சொன்ன 'பெட்ரோல் மிகுதி' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இதில் நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஆயிலை அதிகமாக ஊற்றினால் கலவை 'ரிச்' ஆகும் என்று நினைக்கிறார்கள். கார்ப்பரேட்டரின் ஜெட் துளை வழியாகப் போகும் திரவத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். அதில் ஆயில் பங்கு ஏறினால் பெட்ரோல் பங்கு இறங்கும். அதாவது காற்றோடு சேரும் பெட்ரோல் குறைந்து, 'லீன்' பக்கம் போகும். ஆயிலைக் குறைத்தால் ரிச் பக்கம் போகும். ஆகவே பயத்தில் ஜான்சனுக்கு 10:1 ஊற்றினால் பாதுகாப்பு கூடும் என்று எண்ண வேண்டாம். பிளக் நனைந்து அணையும், வளையங்கள் கரியில் ஒட்டும், எக்ஸாஸ்ட் துளை கரி படிந்து சுருங்கும், கலவையும் லீன் ஆகும். வளையமோ புஷ்ஷோ புதிதாகப் போட்டிருந்தால் முதல் இரண்டு தொட்டிக்கு மட்டும் 16:1 கொடுங்கள், அது நியாயம். பிறகு 24:1.

ஜான்சனின் முன்பக்கத்தில் கார்ப்பரேட்டர் ஊசிகளைத் திருகும் குமிழ்கள் இருக்கும். ஒன்று வேக ஓட்டத்துக்கு, ஒன்று மெதுவான ஓட்டத்துக்கு. கலவையை மாற்றும்போது இவற்றையும் சரிசெய்ய வேண்டும். வேக ஊசியைச் சுமார் ஒரு சுற்று திறந்து துவங்குங்கள். மோட்டார் தண்ணீரில், சுமையோடு, நன்றாகச் சூடான பிறகு, முழு வேகத்தில் மெல்ல மெல்ல மூடிக்கொண்டே வாருங்கள். ஓட்டம் தளரும் இடம் ஒன்று வரும். அங்கிருந்து கால் சுற்றுக்குள் திறந்து நிறுத்துங்கள். கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாக இருக்கும் பக்கம்தான் பத்திரம்.

அடுத்து ஆயில். கார் என்ஜின் ஆயில் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. பழைய கையேட்டில் 'எஸ்ஏஇ 30 மோட்டார் ஆயில்' என்று எழுதியிருக்கும், அதைக் காட்டித்தான் பெரியவர்கள் வாதாடுகிறார்கள். அந்தக் காலத்தில் கிடைத்தது வெறும் ஆயில். இன்றைய கார் ஆயிலில் கால்சியம், துத்தநாகம் எல்லாம் சேர்த்திருக்கிறார்கள். காரில் அது ஆயில் பெட்டியில் சுற்றிக்கொண்டு இருப்பதற்காகச் சேர்த்தது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் எரிந்து வெளியேறுகிறது. உலோகம் எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பல் பிஸ்டன் தலையிலும் பிளக் முனையிலும் படிந்து, சில சமயம் பிளக்கின் இரண்டு முனைக்கும் இடையில் பாலம் போட்டு மோட்டாரை நடு ஆற்றில் நிறுத்திவிடும்.

பைக் டூ ஸ்ட்ரோக் ஆயில், அதாவது ஜாசோ எஃப்சி, எஃப்டி என்று போட்டவை, காரைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அது காற்றில் ஆறுகிற, சூடாக ஓடுகிற என்ஜினுக்குச் செய்தது. அதிலும் கொஞ்சம் உலோகச் சேர்மானம் உண்டு. அவுட்போர்டு ஆற்றுத் தண்ணீரில் ஆறுகிறது, குளிர்ந்தே ஓடுகிறது. அதற்காகவே சாம்பல் மிஞ்சாத சேர்மானத்தோடு டிசி-டபிள்யூ வகை வந்தது. அதில் இப்போது இருக்கும் மூன்றாம் தரம் 1992இல் வந்தது. ஒன்றைக் கவனியுங்கள், 10:1 ஊற்றும் சீகல், 50:1 ஊற்றும் மோட்டாரைவிட ஐந்து மடங்கு ஆயிலை எரிக்கிறது. சாம்பல் இருந்தால் அதுவும் ஐந்து மடங்கு. அதனால் சாம்பலில்லாத ஆயில் புது யமஹாவைவிட உங்கள் பழைய சீகலுக்குத்தான் அதிகம் தேவை. வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தில் 'ஆர்எல்' என்று துவங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். போலி டப்பா எங்கும் உண்டு, எண் இருந்தால் மட்டும் உத்தரவாதம் இல்லை, ஆனால் எண்ணே இல்லாததைத் தொடவே வேண்டாம். படகு ஆயில் கிடைக்காத நாளில் ஒரு தொட்டிக்குப் பைக் ஆயில் ஊற்றி வீடு வந்து சேரலாம், அதில் தவறில்லை. அதையே பழக்கமாக்க வேண்டாம்.

விளக்கெண்ணெய் பற்றியும் யாராவது சொல்வார்கள். வழுவழுப்பில் அதற்கு நிகர் குறைவுதான். ஆனால் எரிந்த பிறகு வார்னிஷ் போலப் பூசிக்கொண்டு வளையங்களை ஒட்ட வைத்துவிடும். வேண்டாம்.

அளவில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஜான்சன் கையேட்டில் '6 காலனுக்கு 1 குவார்ட்' என்று இருக்கும். அது அமெரிக்கக் காலன், 3.785 லிட்டர். பர்மாவில் நாம் காலன் என்று சொல்லிப் பழகியது பிரிட்டிஷ் காலன், 4.546 லிட்டர். அமெரிக்க குவார்ட் 946 மில்லி. நம் காலனில் ஆறு அளந்து, அதில் அந்தக் குவார்ட் டப்பாவை ஊற்றினால் 24:1 வராது, ஏறக்குறைய 29:1 ஆகிவிடும். மோட்டாருக்கு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஆயில் குறைகிறது, உங்களுக்குத் தெரியாமலே. ஆகவே காலனையும் பைண்ட்டையும் விட்டுவிடுங்கள், லிட்டரிலும் மில்லியிலும் கணக்கு வையுங்கள். 24:1க்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 42 மில்லி, 10 லிட்டர் கேனுக்கு 420 மில்லி. சீகலுக்கு லிட்டருக்கு 100 மில்லி. யாராவது காலனில்தான் பெட்ரோல் தருகிறார்கள் என்றால், நம் காலன் ஒன்றுக்கு ஜான்சனுக்கு 190 மில்லி, சீகலுக்கு 455 மில்லி.

அளக்க அரிசி அளக்கும் பால்டப்பாவை எடுக்காதீர்கள். குழந்தைகள் பால் குடிக்கும், மில்லி கோடு போட்ட புட்டி ஒன்றைத் தனியாக வாங்கி, ஆயிலுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். நான் இருபது வருடமாக அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

கலக்கும்போது முதலில் கேனில் பாதிப் பெட்ரோல், அப்புறம் முழு ஆயில், மூடிக் குலுக்கி, மீதிப் பெட்ரோலை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். மோட்டார் தொட்டிக்குள் நேராக ஆயிலை ஊற்றிவிட்டு மேலே பெட்ரோல் விடாதீர்கள். அடியில் தங்கிய ஆயில் முதலில் போய்ப் பிளக்கை மூழ்கடிக்கும், கடைசியில் வெறும் பெட்ரோல் போய்ப் புஷ்ஷைத் தின்னும். இரண்டு மோட்டாருக்கும் இரண்டு கேன், இரண்டு நிறம், பெயிண்ட்டில் பெரிதாக எண் எழுதி வையுங்கள். கலந்ததை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். நம் மழைக்காலத்தில் பாதி காலியான கேன் ராத்திரி பகல் மூச்சுவிட்டு உள்ளே தண்ணீர் சேர்த்துக்கொள்ளும்.

பெட்ரோல் 92 ஏன் போதும் என்றால், இந்த மோட்டார்களின் அழுத்த விகிதம் மிகவும் குறைவு. 95 ஊற்றினால் பணம்தான் கூடுதலாக எரியும். ஈயம் சேர்த்த பெட்ரோலுக்குப் பதிலாக ஏதாவது மருந்து ஊற்ற வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். கார் பெட்ரோலில் ஈயம் உலகம் முழுக்க 2021இல் முடிந்துபோனது, கடைசியாக அல்ஜீரியாவில். பழைய கார்களுக்கு ஈயம் வால்வ் அமரும் இடத்தைக் காத்தது. உங்கள் மோட்டாரில் அப்படிப்பட்ட வால்வே இல்லை. மருந்து வேண்டாம். விலை குறைவு என்று மண்ணெண்ணெய் கலப்பதும் வேண்டாம், அதன் ஆக்டேன் மிகவும் குறைவு, மோட்டார் தட்ட ஆரம்பிக்கும்.

92ஆ 95ஆ என்பதைவிடப் பெரிய கவலை பெட்ரோலின் சுத்தம். சாலையோரத்தில் தண்ணீர் புட்டிகளில் வெயில் பட வைத்து விற்பதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். வேறு வழி இல்லையென்றால் வாங்கி, உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடிப் புட்டியில் ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறதா பாருங்கள். ஆல்கஹால் கலந்திருக்கிறதா என்றும் வீட்டிலேயே பார்க்கலாம். ஒல்லியான கண்ணாடிக் குழாயில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் கோடு போடுங்கள், மேலே பெட்ரோல் நிரப்பிக் குலுக்கி வையுங்கள். தெளிந்த பிறகு தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறி நின்றால், ஏறியது ஆல்கஹால். ஜான்சனின் கார்ப்பரேட்டரில் தக்கை மிதவை இருக்கும், அதன் மேல் அரக்கு வார்னிஷ் பூசியிருப்பார்கள். ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். தக்கை பெட்ரோலைக் குடித்துக் கனத்து மூழ்கி, கார்ப்பரேட்டர் வழிய ஆரம்பிக்கும்.

ஓட்டும் முன் ஆயிலைத் தாண்டி இரண்டு விஷயம் பாருங்கள். அந்த வயது ஜான்சன்களில் ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில்களின் மேலுறை வெடித்திருக்கும், பெரும்பாலும் மாற்றியே ஆக வேண்டும். தீப்பொறி பலவீனமாக இருந்தால் பிளக் நனையும், பழி ஆயில் மேல் விழும். இன்னொன்று தண்ணீர் பம்ப். சால்வினும் ஜையிங்கும் அத்தரானும் சேரும் இடம் உங்கள் ஊர். மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் சேறு, கோடையில் கடல் உப்பு ஏறி வரும். சேறு, பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லரைத் தின்னும், உப்பு துளைகளை அடைக்கும். 'ஆயில் பத்தாமல் பிடித்துக்கொண்டது' என்று என்னிடம் கொண்டுவந்த பல மோட்டார்கள் தண்ணீர் வராமல் சூடேறிப் பிடித்தவை. இம்பெல்லர் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பல வருடம் கிடந்தது என்றால் மாற்றிவிடுங்கள்.

கியர் பெட்டிக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில் ஆகாது. ஜான்சனுக்கு 90 ஹைபாய்டு கியர் ஆயில், சீகலுக்கு கெட்டியான 140. சீகலின் கியர் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து ஆயில் பால் போல ஆவது அதன் இயல்பு, பயப்படாதீர்கள், அடிக்கடி மாற்றிக்கொண்டே இருங்கள்.

சீகலைக் கரையில் நிறுத்தும்போது ஸ்விட்சைத் தேடாதீர்கள். பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்ப்பரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். 10:1 கலவை கார்ப்பரேட்டரில் நின்றால் பெட்ரோல் ஆவியாகிப் போய் ஆயில் மட்டும் கெட்டியாகத் தங்கும், அடுத்த தடவை இழுக்கும்போது அதுதான் முதலில் உள்ளே போகும். ஜான்சனில் தொட்டிக் குழாயைக் கழற்றிவிட்டால் இதே வேலை நடக்கும். ஆனால் அந்தக் காலத்து இரட்டைக் குழாய்த் தொட்டி உங்களிடம் இருந்தால், அது காற்றழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளும் வகை, உள்ளே அழுத்தம் நிற்கும். கழற்றும் முன் மூடியிலிருந்து அழுத்தத்தை மெல்ல வெளியேற்றுங்கள், பக்கத்தில் யாரும் சிகரெட்டோடு நிற்க வேண்டாம். முதல் ஓட்டம் முடிந்ததும் இரண்டு பிளக்கையும் கழற்றிப் படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி. முனை பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும். கருத்து நனைந்திருந்தால் ஊசியையும் தீப்பொறியையும் மறுபடி பார்ப்போம். வெளுத்திருந்தால் மறுபடி ஓட்டாமல் என்னிடம் சொல்லுங்கள்.